வீட்டில் சோப்பு: முதலில் தராசை எடுங்கள்

"காஸ்டிக் சோடா சேர்க்காமல் சோப்பு செய்ய முடியாதா?" வீட்டில் சோப்பு செய்யலாம் என்று நினைக்கிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். முடியாது. அப்படிச் செய்துகாட்டும் வீடியோக்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடையில் வாங்கிய சோப்பைத் துருவி உருக்கியிருப்பார்கள், இல்லையென்றால் சோப் பேஸ் என்று விற்கிற கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியிருப்பார்கள். அந்தக் கட்டிக்குள் காஸ்டிக் சோடாவின் வேலை எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சரி, சாக்கடை அடைப்புக்கு ஊற்றுகிற பொருளை உடம்பில் தேய்ப்பதா என்று அடுத்த கேள்வி வரும். தேய்க்கப் போவதில்லை. கணக்குப்படி எடை போட்டுச் செய்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சமே இருக்காது. முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகியிருக்கும். கண்ணளவில் செய்தால் இருக்கும். வீட்டுச் சோப்பில் பாதுகாப்பு என்பதில் பாதி இந்த எடையில்தான் இருக்கிறது. மீதிப் பாதி, கரைத்துக் கலக்குகிற அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்.

உள்ளே நடப்பது என்ன?

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரைந்த காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அந்த மூன்றையும் கிளிசரினிலிருந்து பிரித்துவிடும். பிரிந்த கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றும் ஒரு சோடியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பாகிறது. விடுபட்ட கிளிசரின் சோப்போடேயே தங்கிவிடும். பெரிய ஆலைகளில் பெரும்பாலும் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்பார்கள். வீட்டுச் சோப்பு போட்டுக் குளித்தபின் தோல் அவ்வளவாக இழுக்காமல் இருக்க அந்தக் கிளிசரினும் ஒரு காரணம்.

இந்த வினை தானாகவே சூட்டைக் கிளப்பும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், அந்தச் சூட்டையே நம்பி அச்சில் ஊற்றி விட்டுவிடுவதால் இதைக் கோல்டு ப்ராசஸ் என்கிறார்கள். பெயரில் குளிர்ச்சி இருக்கிறதே தவிர, காஸ்டிக் சோடா கரைகிறபோது பாத்திரம் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும்.

கணக்கு

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பதே அந்த எண். தேங்காய் எண்ணெய்க்கு 0.183. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் மூன்றுக்கும் 0.135ஐ ஒட்டி வரும். தவிட்டெண்ணெய்க்கு 0.133, விளக்கெண்ணெய்க்கு 0.128.

தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது? அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அது 12 கார்பன் மட்டுமே உள்ள குட்டைச் சங்கிலி. மற்ற எண்ணெய்களில் பெரும்பாலும் 18 கார்பன் உள்ள நீளச் சங்கிலிகள். சங்கிலி குட்டையாக இருந்தால் ஒரு கிராமுக்குள் அதிக மூலக்கூறுகள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் காஸ்டிக் சோடா வேண்டும். அதனால்தான் ஓர் எண்ணெய்க்குச் சொன்ன அளவை அப்படியே இன்னோர் எண்ணெய்க்குப் போடக் கூடாது. "தேங்காய் எண்ணெய் இல்லை, நல்லெண்ணெய் ஊற்றினேன்" என்று சமையலில் சொல்லலாம். இங்கே அந்த ஒரு மாற்றத்திலேயே காரம், அதாவது காஸ்டிக் சோடா, மிஞ்சி, தோலைக் கடிக்கிற சோப்பு கிடைக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்குத் தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்துச் செய்கிற சோப்பைத்தான் நான் சொல்வேன். ஒரே எண்ணெய், எல்லா ஊரிலும் கிடைக்கும், நுரை தாராளம். உப்புத்தன்மையுள்ள தண்ணீரிலும் இது நுரைக்கும் என்பதால் போர்வெல் தண்ணீர்க்காரர்களுக்குக் கூடுதல் வசதி. ஒரே குறை, அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடும். அதற்கு மருந்து, காஸ்டிக் சோடாவைக் குறைத்துப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி விடுவது. இதைச் சூப்பர்ஃபேட் என்பார்கள். மற்றச் சோப்புகளுக்கு 5 சதவீதம் போதும். தனித் தேங்காய் எண்ணெய்க்கு 20 சதவீதம் வரை விடலாம்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம் எடுத்தால், 500 x 0.183 = 91.5 கிராம். அதில் 20 சதவீதம் கழித்தால் 73.2. காஸ்டிக் சோடா 73 கிராம். தண்ணீர் அதைப்போல இரண்டு மடங்கு, 146 கிராம். அவ்வளவுதான் செய்முறை.

கலப்பு எண்ணெயில் செய்ய வேண்டுமென்றால்: தேங்காய் எண்ணெய் 250, தவிட்டெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50 கிராம். முறையே 45.75, 26.6, 6.4. கூட்டினால் 78.75. சூப்பர்ஃபேட் 7 சதவீதம் கழித்தால் மறுபடியும் 73 கிராம்தான் வருகிறது. இது தற்செயல். 500 கிராமுக்கு எப்போதும் 73 என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். எண்ணெயை உள்ளிட்டால் கணக்குப் போட்டுத்தரும் சோப் கால்குலேட்டர்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கையால் ஒரு முறை, அதில் ஒரு முறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்று சோப்பு வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் பேர் வழுக்குகிற இடம் எண்ணெய் பாக்கெட். அரை லிட்டர் பாக்கெட்டை வெட்டி ஊற்றிவிட்டு 500 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். பாக்கெட்டிலேயே மில்லிக்குப் பக்கத்தில் கிராமும் அச்சடித்திருக்கும், பாருங்கள். அப்படியானால் அரை லிட்டரில் இருப்பது 455 கிராம். மேலே சொன்ன கலப்பு எண்ணெய் 455 கிராம் மட்டுமே இருந்தால் அதற்கு 72 கிராமுக்கும் குறைவான காஸ்டிக் சோடாதான் செல்லும். நீங்கள் போட்டது 73. விட்டுவைத்த 7 சதவீத எண்ணெயும் போய், அதற்கு மேல் காரமும் மிஞ்சிவிட்டது. அதனால் எல்லாமே கிராமில்: எண்ணெய், சோடா, தண்ணீர் எல்லாம். கப், ஸ்பூன், டம்ளர் எதுவும் வேண்டாம். ஒரு கிராம் துல்லியத்தில் காட்டுகிற சமையலறை டிஜிட்டல் தராசு போதும். அதை வாங்கும்வரை மற்ற எதையும் வாங்க வேண்டாம்.

எதில் செய்வது, என்ன உடுத்துவது

அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று, தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். நம் வீடுகளில் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: இண்டாலியம் என்று நாம் சொல்வதும் அலுமினியக் கலவைதான். நான்ஸ்டிக் சட்டிகளில் பலவும் பூச்சுக்கு அடியில் அலுமினியம்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் பால் அட்டைப்பெட்டியை அச்சாக வைக்கச் சொல்வார்கள். இங்கே கிடைக்கிற டெட்ரா பேக்கில் உள்ளே ஓர் அலுமினியத் தாள் இருக்கும். அதைத் தவிர்த்து, சிலிக்கான் அச்சோ பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியோ வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் கலக்க எவர்சில்வர் பாத்திரம் நல்லது. காஸ்டிக் சோடா கரைக்க எவர்சில்வரோ, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட கெட்டிப் பிளாஸ்டிக்கோ சரி. கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் சூட்டில் நெளிந்துவிடும். மரக்கரண்டி நாளடைவில் அரித்துச் சிராய் கொட்டும். இந்தப் பாத்திரங்கள் எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. கலக்குவதற்கு எவர்சில்வர் தண்டுள்ள ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் சில நிமிட வேலை. கைவிஸ்க் என்றால் அரை மணி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடி ஓட்டுகிறவர்கள் உண்டு. சூடான காரக் கரைசல் மூடியைத் தள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கும். வேண்டவே வேண்டாம்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பார்வைக்குப் போடுகிற மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலை மூடுகிற செருப்பு. துப்பட்டாவோ முந்தானையோ தொங்கக் கூடாது. குழந்தைகளும் நாய், பூனையும் வீட்டில் நடமாடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர் இப்போதைக்குச் சோப் பேஸ் உருக்கிச் செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காஸ்டிக் சோடா வாங்கும்போது லேபிளில் சோடியம் ஹைட்ராக்சைடு என்றும் தூய்மை எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். சோப்பு மூலப்பொருள் கடைகளில் 97, 98 சதவீதத்தில் செதில்களாகக் கிடைக்கும். சலவை சோடாவும் ஆப்பச் சோடாவும் வேறு பொருட்கள், அவற்றால் சோப்பு வராது. அடைப்பெடுக்கிற பவுடர் பாக்கெட்டுகளில் சிலவற்றில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கும், அவற்றையும் விட்டுவிடுங்கள். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசகசக்கும், மெல்ல வலுவிழக்கும். கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். இறுக மூடிய டப்பாவில், மேலே 'விஷம்' என்று பெரிதாக எழுதி, கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். கரைத்த கரைசலைப் பிறகு ஆகட்டும் என்று பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஆறிவிட்டால் அது பார்ப்பதற்குத் தண்ணீரேதான்.

கலக்குதல்

பால்கனி, கொல்லைப்புறம், ஜன்னல் திறந்த சமையலறை மூன்றில் ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், செதில்கள் பறக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே எடைபோட்டு வரிசையாக வையுங்கள். தண்ணீருக்கு, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோ ஆர்ஓ தண்ணீரோ போதும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பில் கொஞ்சத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது இந்த வேலையிலேயே மீறக் கூடாத விதி. தண்ணீர் பாத்திரத்தில் இருக்க வேண்டும், அதற்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அடியில் உள்ள சோடா சிறிதளவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் கொதித்து, எரிமலை மாதிரி மேலே பீறிடும். தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும், வெந்நீர் கூடாது. தண்ணீரில் ஒரு பகுதியை ஐஸ் கட்டியாக எடைபோட்டுக்கொண்டால் இன்னும் நிதானமாகச் சூடேறும். ஐஸ் போடாவிட்டால் வெப்பம் 80, 90 டிகிரி செல்சியஸ்வரை போகும். முதல் சில நிமிடம் ஆவி வரும், மூக்கைச் சுள்ளென்று தாக்கும். முகத்தை விலக்கிக்கொண்டு, கரண்டியால் மெல்லக் கலக்குங்கள். கலங்கலாக இருப்பது சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். அப்புறம் யாரும் தட்டிவிடாத இடத்தில், எவர்சில்வர் தொட்டி இருந்தால் அதற்குள்ளேயே வைத்து ஆற விடுங்கள்.

கரைசல் 40 டிகிரியை ஒட்டி வந்ததும் எண்ணெயில் மெதுவாக ஊற்றுங்கள். எண்ணெயும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். சென்னைக் கோடையில் தேங்காய் எண்ணெயைத் தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை. மார்கழியிலும் மலை ஊர்களிலும் உறைந்திருக்கும், உருக்கிக்கொள்ள வேண்டும். பிளெண்டரின் தலை முழுவதும் மூழ்கியபிறகே சுவிட்சைப் போடுங்கள். சில விநாடி ஓட்டுவது, நிறுத்திவிட்டுக் கையால் கிளறுவது என்று மாற்றி மாற்றிச் செய்தால், கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்து மேலே சொட்டினால் அந்தக் கோடு உடனே மூழ்காமல் ஒரு கணம் நிற்கும். இதற்கு ட்ரேஸ் என்று பெயர். எண்ணெயும் கரைசலும் இனிப் பிரியாது என்பதற்கு அது அடையாளம்.

வாசனை எண்ணெய் சேர்ப்பதானால் இப்போது. எண்ணெய் எடையில் 2 சதவீதம், அதாவது 500 கிராமுக்கு 10 கிராம். கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் தோலை உறுத்தும், கலவையையும் சட்டென்று இறுக்கிவிடும். முதல் சோப்பில் வேண்டாம். மஞ்சள்தூள் போடப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: மஞ்சள் காரத்தில் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இதே விஷயம்தான். சோப்பு பதமாக ஆக அந்தச் சிவப்பு தணிந்து ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறத்தில் நிற்கும். பால் சேர்த்தால் அதிலுள்ள சர்க்கரை சூட்டில் கருகும். பழச்சாறு, கற்றாழை, சீயக்காய் எல்லாம் இரண்டாவது, மூன்றாவது முறைக்கு.

மேலே பட்டுவிட்டால்

தோலில் பட்டால் முதலில் வழவழவென்று இருக்கும், எரிச்சல் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். அந்த வழவழப்பு, காரம் உங்கள் தோலின் கொழுப்பைச் சோப்பாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பட்ட துணியைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 15, 20 நிமிடம் கழுவுங்கள். வினிகரோ எலுமிச்சையோ தடவ வேண்டாம். அமிலமும் காரமும் சேரும்போது மேலும் சூடு கிளம்பும், அதைத் தேடுகிற நேரத்தில் காரம் உள்ளே இறங்கும். மேசையில் சிந்தியதைத் துடைத்தெடுத்தபின் வினிகர் போட்டுத் துடைக்கலாம், தோலுக்குத் தண்ணீர் மட்டும்தான்.

கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்தபடி உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது 20 நிமிடம் நிறுத்தாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; ஏறும்போது தொண்டையை இரண்டாம் முறை புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு 108ஐ அழையுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அச்சில் ஊற்றிய பிறகு

நடுவில் கண்ணாடிபோல ஒரு பகுதி தெரிந்து பிறகு மறையலாம். உள்சூடு ஏறியதால் வருவது, பயப்பட வேண்டாம். கலப்பு எண்ணெய்ச் சோப்பை ஒரு நாள் கழித்து வெட்டலாம். தனித் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு வேகமாகக் கல்லாகிவிடும், அடுத்த நாள் வெட்டினால் பொடிந்து உடையும். நாலைந்து மணி நேரத்திலிருந்தே விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருங்கள், பாலாடைக்கட்டிப் பக்குவத்தில் வெட்டுங்கள். கையுறையோடுதான், ஏனென்றால் அது இன்னும் முழுச் சோப்பாகவில்லை. அழுக்குப் பாத்திரங்களை அன்றே தேய்க்க வேண்டாம். கைக்கெட்டாத இடத்தில் ஒருநாள் வைத்துவிட்டால் ஒட்டியிருப்பது தானே சோப்பாகிவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

வெட்டிய துண்டுகளைக் காற்றுப்படுமாறு இடைவெளி விட்டு, வெயில் படாத இடத்தில் 4 முதல் 6 வாரம் வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: ஆறு வாரத்தில் காஸ்டிக் சோடா ஆவியாகிப் போய்விடும் என்று. அது ஆவியாகாது. எண்ணெயும் காரமும் சேர்வது முதல் இரண்டு மூன்று நாளிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். மீதி வாரங்களில் தண்ணீர் வற்றி, சோப்பு இறுகி, சீக்கிரம் கரையாததாக ஆகிறது. எடை தப்பிக் காரம் மிஞ்சிய சோப்பு ஆறு மாதம் வைத்தாலும் நம்பத் தகுந்ததாக ஆகாது.

மிஞ்சியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெட்டிய பக்கத்தில் வெள்ளைக் கட்டிகள், அவற்றில் ஈரம் கசிவது, மேலே எண்ணெய் தனியாகத் திரண்டு நிற்பது எல்லாம் மோசமான அறிகுறிகள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், சில வாரம் கழித்து ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நுனிநாக்கில் லேசாகத் தொட்டுப் பார்ப்பது சோப்பு செய்கிறவர்கள் வழக்கம். வெறும் சோப்புச் சுவை என்றால் சரி. பேட்டரி முனையை நாக்கில் வைத்ததுபோல் சுருக்கென்றால் அந்த முறை செய்தது மொத்தமும் குப்பைக்கு. அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் தாளை வைத்துக்கொண்டு, இரண்டுமில்லாத நடுநிலையான 7 வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உண்மையான சோப்பு எப்போதும் 9, 10ஐ ஒட்டித்தான் இருக்கும். 5.5 என்று விளம்பரம் செய்யும் கட்டிகள் வேறு சலவைப் பொருளால் ஆனவை.

மேலே வெண்சாம்பல் படிந்தாற்போல் வந்தால் அது காற்றுபட்டு உருவான சோடியம் கார்பனேட். ஈரத்துணியால் துடைத்தால் போகும். மாதங்கள் கழித்து ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால், மிஞ்ச விட்ட எண்ணெய் கெடத் தொடங்கியிருக்கிறது. தவிட்டெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அதிகம் போட்ட சோப்பில் இது சீக்கிரம் வரும். சூப்பர்ஃபேட் கூடக் கூட நல்லது என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் விடக் கூடாது என்பது இதனால்தான்.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும்போது என்னென்ன எண்ணெய், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், கடலை எண்ணெய் போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும். விற்கிற எண்ணம் வந்தால் விஷயம் வேறு. இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020இன் கீழ் வருகிறது, விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் பத்துக் கட்டி விற்றாலும் அதே சட்டம்தான்.